நெட் வயரைப் பிடுங்கியாச்சு

மச்சினி: பிடுங்கியாச்சு மாமா. இதோ, நெட் வயர் என் கையில. போதுமா?

மாமா: வைஃபை?

மச்சினி: அதையும் அணைச்சாச்சு. ஃபேனையும் நிறுத்தட்டா?

மாமா: கிண்டலா? போன தடவை ஜெராக்ஸ் கடைக்காரன் ஏதோ வெப்சைட்ல ஏத்தித்தான் பேப்பரை எல்லாம் ஒண்ணாச் சேர்த்தான். ஃபைலை அழிக்கவே இல்ல. மறுநாளே நம்ம குடோன்ல பாதி பேருக்கு என் ரத்தத்துல எவ்வளவு சர்க்கரைன்னு தெரிஞ்சுபோச்சு.

மச்சினி: அதான் 'சர்க்கரை மூட்டை'ன்னு கூப்பிடறாங்களா...

மாமா: வேலையைப் பாரு தாயே.

மச்சினி: இங்க எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளயேதான். மார்க் ஷீட்டு, டாக்டர் சர்ட்டிஃபிகேட்டு, லைசென்ஸு... மூணும் ஒரே பிடிஎஃப். லைசென்ஸ் தலைகீழா இருந்துச்சு, திருப்பிட்டேன். ஆமா, இங்கிலீஷ்ல முப்பத்தஞ்சா?

மாமா: அதைப் பார்க்கச் சொன்னேனா?

மச்சினி: சரி சரி, கண்ணை மூடிக்கிட்டேன்.

மாமா: இருபது வருஷமா மூட்டை தூக்குறேன். எழுந்ததும் இடுப்பு நிமிரவே அரை மணி நேரம் ஆகுது. குடோன்ல மூட்டை தூக்குற வண்டி, அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒரே ஒரு ஆளுதான் எடுக்கறான். கிடைச்சா உட்கார்ந்து பார்க்கிற வேலை! உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாத.

மச்சினி: ...ம்.

மாமா: என்ன 'ம்'?

மச்சினி: தொண்டை கரகரப்பு. பென் டிரைவ் குடுங்க.

மாமா: இரு, நானே ஒரு தடவை திறந்து பார்த்துடறேன்.

மச்சினி: வேணாம் மாமா, நானே... ஐயோ, அங்க அமுக்காதீங்க!

மாமா: கடைசியாத் திறந்த ஃபைலுங்கன்னு பட்டியல் வருதே... மேல என்னுது. அதுக்குக் கீழ... 'அக்கா ஃபோர்க்லிஃப்ட்'?

மச்சினி: அதை மூடுங்க மாமா!

மாமா: பேக்கிங்ல நிக்கிறாளே, உங்க அக்கா... அவளா? அதே வேலைக்கா?

மச்சினி: காலையில வந்தா. 'உங்க மாமாகிட்ட மூச்சு விடாத'ன்னா. அவளுக்கும் நின்னு நின்னு கால் வீங்குது மாமா...

மாமா: அடிக் கள்ளி! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு... அவளுக்கு இங்கிலீஷ்ல எவ்வளவு?

மச்சினி: அதெல்லாம் சொல்ல மாட்டேன். இங்க எல்லாம் ரகசியம்.

மாமா: முப்பத்தஞ்சுக்கு மேலயா?

மச்சினி: ...ம்.

மாமா: தொலைஞ்சேன். சரி விடு, யாருக்குக் கிடைச்சாலும் வேலை எங்க வீட்டுக்குத்தானே வருது. அதுக்கும் கீழ இன்னொண்ணு இருக்கே, பேரு வைக்காம வெறும் புள்ளியா... அது யாருது?

மச்சினி: அது... என்னுது மாமா, அதே வேலைக்குத்தான். லேபிள் ஒட்டி ஒட்டிச் சலிச்சுப்போச்சு. அப்ளிகேஷன்ல, என்னைப் பத்தி விசாரிக்க குடோன்ல தெரிஞ்ச ஒரு ஆளு பேரு கேட்டிருந்தான். உங்க பேரைத்தான் போட்டிருக்கேன்... நல்லவிதமாச் சொல்லுவீங்கல்ல?