பித்தளை மூடி

உங்க ஸ்டேசன் தேத்தண்ணியப் பத்தி ஒண்ணு சொல்லலாமா, இன்ஸ்பெக்டர் ஐயா? தப்பா நெனச்சுக்காதீங்க. தூளு எங்க தோட்டத்துத் தூளுதான், வாசனையிலேயே தெரியுது. ஆனா தண்ணி நல்லாக் கொதிக்கிறதுக்கு முன்னாலயே போட்டுட்டாங்க. இருபத்திரெண்டு வருசமா தேயில ஃபேக்டரியில மெசின் பாக்குறவன் நான். சின்னச் சின்ன விசயத்தக் கவனிச்சுக் கவனிச்சே பழகிட்டேன். பரவால்ல லா, சூடா இருக்கு, குடிக்கிறேன்.

பேரு காளியண்ணன். நீங்க வேலப்பனப் பத்திக் கேட்டீங்க. ஆனா படகுலேருந்து ஆரம்பிச்சாத்தான் எனக்குக் கோர்வையா வரும். அந்தப் படகப் பத்திப் பேசுறதுன்னா எனக்கு இப்பக்கூட சந்தோசமாத்தான் இருக்கு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

வேலப்பன் என் தங்கச்சி மணியம்மா புருசன். திரிங்காப்ல காய்கறித் தோட்டம், சொந்தமா மூணு லோரி. தங்கமான மனுசன். அவன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, இத நீங்க அப்படியே எழுதிக்கணும். போன மாசம் ஒரு நாள் ஃபேக்டரி வாசலுக்கே வந்துட்டான். "மச்சான், ரிங்லெட் ஏரியில ஓட்ட ஒரு மோட்டார் படகு வாங்கப் போறேன். கிள்ளான் தொறமுகத்துல படகுக் கண்காட்சி போட்டிருக்கானாம். இஞ்சின் பாக்க நீ வரணும்"னான். மலை மேல படகான்னு கேட்டு நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். ரெண்டு பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சதப் பாத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி ஜன்னலத் தொறந்து எட்டிப் பாத்தாரு.

விடியக்காலையில லோரியில கெளம்புனோம். மலையில போட்ட ஸ்வெட்டரோடயே கிள்ளானுக்குப் போய் எறங்கிட்டான் வேலப்பன். அந்த வெக்கையில ஆளு அப்படியே நனைஞ்சுட்டான், கழட்டுன்னா கழட்டவும் மாட்டேங்குறான், உள்ள இருக்குற சட்டையில ஓட்டையாம். அப்படியே படகு பாக்கப் போனோம்.

அடேயப்பா, எத்தன படகு ஐயா. பந்தல் பந்தலா, கொடி கட்டி, பாட்டுப் போட்டு, கல்யாண வீடு கெட்டுது போங்க. ஒரு படகுக்குள்ள கட்டில் இருக்கு. ஒரு படகுக்குள்ள கக்கூஸே இருக்கு. எங்க லயத்துல இருவது வீட்டுக்கு நாலுதான்னு சொன்னேன், வேலப்பன் சிரிச்சு சிரிச்சு அந்தக் கக்கூஸ் கதவப் பிடிச்சுக்கிட்டே நின்னான். எந்தப் படகப் பாத்தாலும் இதுல எத்தன கூட முட்டக்கோசு ஏத்தலாம்னு கேப்பான். விக்கிறவன் சீனப் பையன், பொறுமையாத்தான் பதில் சொன்னான். நான் ஒவ்வொரு படகுலயும் செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏறுனேன். பதினோரு படகு ஏறி எறங்குனோம்.

பன்னெண்டாவதுதான் அந்தச் செவப்புப் படகு. வெள்ளக் கோடு போட்டது. பின்னால நாப்பது குதிர சக்தி இஞ்சின். முன்னால ரெண்டே ரெண்டு சீட்டு, பிளாஸ்டிக் கூடப் பிரிக்கல. சின்னதா ஒரு ஸ்டேரிங், கையில பிடிச்சா ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். நான் உக்காந்து அதப் பிடிச்சேன். அவ்வளவுதான் ஐயா. எனக்குக் கல்யாணம் ஆகல, புள்ள குட்டி இல்ல. அம்பது வயசு வரைக்கும் ரோலிங் மெசின் முன்னால நின்னவன். உக்காந்து ஓட்டுற மாதிரி ஒரு சாமான் எனக்கு எவனும் குடுத்ததில்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஹாரன ஒரு தரம் அழுத்துனேன், பந்தலே திரும்பிப் பாத்துச்சு.

அத வேலப்பன் பாத்துட்டான். எம்மேல பிரியம்தான் அவனுக்கு. என் தோள்ல கைய வச்சு, "இதுதான் மச்சான். எடுத்துருவோம். தண்ணியில மொத மொத எறக்குற அன்னிக்கு நீதான் ஓட்டணும், இது வாக்கு"ன்னான். நானாக் கேக்கல. அவனாத்தான் சொன்னான்.

அப்பறம் அவன் ஐஸ் கச்சாங் சாப்புடப் போயிட்டான். சீனப் பையன் என்னப் பின்பக்கம் கூப்புட்டுப் போயி, அடியில ஒரு ஓட்டயக் காட்டுனான். படகுல ஓட்டையான்னு எனக்கு ஆச்சரியம். உள்ள சேர்ற தண்ணிய வடிக்கிறதுக்காம். கரையில இருக்கும்போது தொறந்து விடணும், தண்ணியில எறக்குறதுக்கு முன்னால இந்தப் பித்தள மூடியத் திருகி அடைக்கணும். மூடி சின்னது ஐயா, கட்ட வெரல் தண்டிதான் இருக்கும். மூடி போடலன்னா ஓடுறப்ப தெரியாது, நின்னா தண்ணி உள்ள ஏறிரும், கீழ்ப்பலகைக்கு அடியிலேயே ஏறும், கால் நனையற வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு மலாய்ல வெளக்கமா சொன்னான். கடைசியா ஒண்ணு சொன்னான். யாரு ஓட்டுறானோ அவன்தான் மூடி போடணும், அடுத்தவன நம்பி விடக்கூடாதுன்னான். நான் மூடிய வாங்கி சட்டப் பையில போட்டுக்கிட்டேன். ஓட்டப் போறவன் நான்தானே.

லோரி மேல படகக் கட்டி ஏத்துனோம். ஊருக்குத் திரும்புறப்ப நான் முன்னால உக்காரல, படகுக்குள்ளயே உக்காந்துக்கிட்டேன். தாப்பாவுலேருந்து மேல ஏறுற வளைவு உங்களுக்கே தெரியும். லோரி எந்தப் பக்கம் ஒடிக்குதோ அந்தப் பக்கம் நானும் ஸ்டேரிங்க ஒடிச்சேன். ஒரு வளைவு விடல. பஸ்ஸுல போன சனங்க எல்லாம் கைய ஆட்டுச்சு, நானும் ஹாரன் அடிச்சேன். குளிரு மொகத்துல அடிக்குது, நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டே வந்தேன். ரிங்லெட் வந்து எறங்குறப்ப, மலையே நான் ஓட்டிட்டு வந்த மாதிரி இருந்துச்சு ஐயா. என் வாழ்நாள்ல அதுக்கு ஈடா ஒரு நாள் கெடையாது.

ஞாயித்துக்கெழம படகு எறக்குறதுன்னு முடிவாச்சு. வியாழக்கெழம வேலப்பன் வந்தான். தோட்டத்துத் துரை வர்றாராம், பிரிஞ்சாங் பெரிய யாவாரிங்க எல்லாம் வர்றாங்களாம். "நாலு பேரு பாக்குறப்ப நானே ஓட்டுனாத்தான் மச்சான் நல்லா இருக்கும். நீ கரையில கயித்தப் பிடிச்சுக்க. அடுத்த வாரம் நீ ஓட்டு"ன்னான். சரி மாப்பிள்ளன்னேன். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, படகு அவனுது. இதையும் சொல்லிடுறேன். அன்னிக்கு ராவு சோறு எறங்கல. ஆனா அவன் மேல கோவம் இல்ல. இப்பவும் இல்ல.

ஞாயித்துக்கெழம ஏரிக்கரையில திருவிழாக் கூட்டம். படகுக்கு மாலை, சந்தனம், குங்குமம். படகோட பக்கவாட்டுல "மணி"ன்னு தங்கச்சி பேர எழுதி வச்சிருந்தான். பூச போட்டாச்சு. புது லோரி எடுத்தா நாம சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துவோம்ல? வேலப்பன் கையில பழத்த வச்சுக்கிட்டு படகச் சுத்திச் சுத்தி வர்றான். இதுக்குச் சக்கரமே இல்லையே மச்சான், பழத்த எங்க வைக்கிறதுன்னு கேக்குறான். சுத்தி நின்னவங்க எல்லாம் ஆளுக்கொரு எடம் சொல்றாங்க. ஒருத்தன் இஞ்சின் மேலங்குறான், ஒருத்தன் மூக்குலங்குறான். ஒரே சிரிப்பு. நான்தான் பின்னால போயி, அந்த ஓட்டயக் காட்டுனேன். இங்க ஒரு எடம் விட்டிருக்கான் பாரு மாப்பிள்ளன்னேன்.

அவன்தான் வச்சான் ஐயா. அவன் கையால வச்சு அமுக்குனான். பழம் கச்சிதமா உக்காந்துச்சு. பாத்தியா, சீனன் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்னு சந்தோசமா சொன்னான். கூட்டமே கைதட்டுச்சு. பித்தள மூடி என் பையில இருந்துச்சு. யாரு ஓட்டுறானோ அவன்தான் மூடி போடணும். நான் ஓட்டல.

ஒண்ணு மட்டும் நான் எதிர்பாக்கல. பேருக்குச் சொந்தக்காரி ஏற வேணாமான்னு யாரோ ஒருத்தி கெளப்பி விட்டுட்டா. மணியம்மா புதுப் பட்டுச் சேலையோட, கையில தாம்பாளத்தோட, வெக்கப்பட்டுக்கிட்டே ஏறி அந்த ரெண்டாவது சீட்டுல உக்காந்துட்டா. எறங்கு புள்ளன்னு நான் சொல்லியிருக்கலாம். ஏன்னு கேப்பா. காரணம் சொல்லாம ஒண்ணு சொன்னா அவளுக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துரும், சின்னதுலேருந்தே அப்படித்தான். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அவ மூஞ்சியச் சுருங்க வைக்கணும்னு விட்டுட்டேன். "அண்ணே, வந்து உன்னக் கூட்டிட்டுப் போறோம்"னு கைய ஆட்டுனா. நானும் ஆட்டுனேன்.

படகு போன அழக நீங்க பாத்திருக்கணும். மூக்கத் தூக்கிக்கிட்டு, ரெண்டு பக்கமும் தண்ணியக் கிழிச்சுக்கிட்டு, செவப்புப் புடவ பறக்குற மாதிரி போச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நான் தேர்ந்தெடுத்த இஞ்சின் ஐயா அது. ஒரு திக்கல் இல்ல. கரையில நின்ன பொம்பளைங்க எல்லாம் கொலவ போட்டாங்க. நான்தான் எல்லாரையும் விட ஒசத்தியாக் கை தட்டுனேன்.

நடு ஏரியில இஞ்சின அணச்சான். அங்க நிறுத்தி, சூடங்காட்டி, தேங்கா ஒடச்சு ஏரிக்கு மரியாத செய்யணும்னு அவனுக்கு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். தேங்காவும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். சூடம் எரியுறது கரையிலேருந்து தெரிஞ்சுச்சு. அப்பறம் படகோட பின்பக்கம் கொஞ்சம் எறங்குச்சு. இன்னுங் கொஞ்சம் எறங்குச்சு. வேலப்பன் எந்திரிச்சு நின்னான். எந்திரிச்சு நிக்கக்கூடாது, அதையும் அந்தச் சீனப் பையன் எங்கிட்ட சொல்லித்தான் குடுத்தான்.

கரையில நூறு பேரு இருந்தோம். ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. மலையில பொறந்தவங்க ஐயா நாங்க, குளிக்கிறதே வெந்நியிலதான். படகோட குடுத்த ரெண்டு மெதக்குற சட்டையும் என் வீட்டு ஆணியில தொங்குது, பிளாஸ்டிக் பிரிக்கல, அழுக்காயிரும்னு நான்தான் எடுத்து வச்சேன். எல்லாரும் கத்துறாங்க, ஓடுறாங்க. நான் ஓடல. கயித்தப் பிடிச்சுக்கன்னு சொல்லியிருந்தான், பிடிச்சுக்கிட்டே நின்னேன். மணியம்மா அண்ணேன்னு கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தரம் கேட்டுச்சு. எனக்கு வருத்தம் இல்லன்னு நான் சொல்லல.

நேத்து நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. அதுக்குப் பதில இன்னிக்கு சொல்லிடுறேன். எலுமிச்சம்பழம் எப்படி ஓட்டைக்கு அவ்வளவு சரியா இருந்துச்சுன்னு கேட்டீங்க. வெள்ளிக்கெழம பிரிஞ்சாங் பசார்ல வாங்குனேன். பெரிய பழம் இல்ல, மீ கோரேங் தட்டுல பிழிவாங்களே, அந்தச் சின்னப் பழம். பையிலேருந்து மூடிய எடுத்து வச்சுக்கிட்டு, பழத்த ஒண்ணு ஒண்ணா அதோட ஒட்டி வச்சுப் பாத்தேன். கடக்காரம்மா வேலாயி, என்னண்ணே எலுமிச்சம்பழத்துக்குப் பொண்ணு பாக்குறியான்னு கேலி பண்ணுச்சு. நானும் சிரிச்சேன். கொஞ்சம் பழுத்ததா, கைக்கு மெத்துன்னு இருக்குறதாப் பாத்து எடுத்து, பூசைக்குன்னு மாப்பிள்ள கையில குடுத்தேன். பழமே வைக்காம விட்டிருந்தா கரையிலேயே தண்ணி ஏறியிருக்கும், கால் நனஞ்சதோட எறங்கி வந்துருப்பாங்க. பச்சக் காயா வச்சா நாள் பூரா தாங்கும். நடு ஏரி வரைக்கும் போகணும், இஞ்சின் ஆட்டத்துல நசுங்கவும் செய்யணும். மெசின் வேல பாக்குறவன் ஐயா, ஓரளவு கணக்கு வரும். ஆமா, நான்தான் செஞ்சேன். ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன்.

படகத் தூக்கி ஸ்டேசனுக்குப் பின்னால வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. இஞ்சின ஒடனே கழட்டிக் காய வைக்கணும், எண்ண மாத்தணும், இல்லன்னா துரு ஏறிரும். பெரிய கோளாறு ஒண்ணும் இருக்காது, ரெண்டு நாள்ல கெளப்பிடலாம். இந்தாங்க, இதுதான் அந்த மூடி. பத்தரமா வைங்க, இது இல்லாம மட்டும் யாரையும் எறக்க விட்டுடாதீங்க, ஆபத்து. அடுத்த வாரம் நீ ஓட்டுன்னு மாப்பிள்ள சொல்லியிருக்கான். நாளைக்கு ஞாயிறு. யாரு ஓட்டுறானோ அவன்தான் மூடி போடணும் ஐயா. கைவெலங்க மட்டும் கொஞ்சம் கழட்டி விடுங்க, மூடிய நானே போட்டுக்கிறேன்.