தம்பியின் வசனம்

போனில் இருக்கும் அந்த ஏ.ஐ. மெஷினை முதலில் நான் சாக்ஸுக்குத்தான் பயன்படுத்தினேன், மேடம். என்னிடம் ஆறு ஜோடி. அதில் இரண்டு, ஜோடி என்று சொல்லிக்கொள்ள முடியாதவை. எந்தக் கிழமை எதைத் துவைத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை செருப்போடு வகுப்புக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று கேட்டேன். அரை நிமிடத்தில் அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று பேர் பல வருடம் கத்தியும் தீராத விஷயம் அது.

அப்புறம் லீவு லெட்டர். வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதாவது அது எழுதியது. மொட்டை என்று ஒரு நண்பன், தன் சித்தப்பா இறந்துவிட்டதாக ஒரு கடிதம் கேட்டான். படித்துவிட்டுத் துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு நாள் கேட்ட இடத்தில் ஒரு வாரம் கொடுத்தார். மொட்டை ஆடிப்போய்விட்டான். "டேய், அந்த ஆளைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தர்கூட இவ்வளவு நல்லதா சொன்னதில்லடா. பாவம், உயிரோடதான் இருக்காரு, படிச்சுக் காட்டட்டுமா?" என்றான்.

எனக்கு அன்றைக்கே ஒன்று புரிந்தது. யாருக்கும் நாம் தேவையில்லை. நம் பேரில் நாலு நல்ல வரி வந்தால் போதும்.

அதனால் அக்கா விஷயத்தில் புதிதாக ஏதோ செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேட்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஒரு ஹால், இரண்டு அறை. ஒன்று அப்பா அம்மாவுக்கு, ஒன்று அக்காவுக்கு. எனக்கு ஹால். அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்தவர், ஓய்வு பெற்றபின் டிவிக்கு நேரம் குறிக்கிறார். அம்மாவின் தையல் மெஷினும் ஹாலில்தான். ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் கடகட, நடுவில் நான். அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த அறை எனக்கு வந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது, மேடம். முதல் நாள் அதைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க வேறு வேலையே செய்யவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் வாங்கி வரும்போதெல்லாம் அவள்தான் எழுதித் தருவாள், அதுவும் என் கோழிக்கிறுக்கலிலேயே, வாத்தியாருக்குத் துளியும் சந்தேகம் வராதபடி. அதற்காக அவளிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். சத்தமாகப் பேச மாட்டார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா தெரியுதா? இப்ப?" என்று பொறுமையாகக் கேட்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண்ணாடி அவர் போட்டுக் கொடுத்ததுதான். நான் இப்போது போட்டிருப்பதும்.

கல்யாணமாகிப் பத்து மாதம் கழித்து அக்காவின் மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. அம்மாவோடு போனில் பேசும்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வாராம். என் நம்பரை மட்டும் அவள் 'சிலிண்டர் புக்கிங்' என்று பதிந்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் சிலிண்டர் புக் செய்வது அவள் வேலை என்பதால் அவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஆக, உலகத்தில் அவள் மனம் விட்டுப் பேச முடிந்த ஒரே ஆள் சிலிண்டர்.

முதலில், மூன்று நாளாக அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதினாள். பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார் என்று. பிறகு, வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார் என்று. எல்லாம் நீள நீளமாக. நான் சரியாகப் படிக்க உட்காரும் நேரம் பார்த்து, டொங் டொங் டொங் என்று ஏழு மெசேஜ். 'ம்' என்று போட்டால், "என்னடா ம்? உன்கிட்ட சொல்றதும் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணுதான்" என்பாள். பத்து வரி எழுதினால் இருபது வரி வரும். எழுதாவிட்டால் முப்பது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. எரிச்சல்பட்டவர்கள் எல்லோரும் குற்றவாளி என்றால் எங்கள் டிப்போவில் ஒரு பஸ்கூடக் கிளம்பாது.

எனவே, நானும் அவளும் முன்பு பேசிக்கொண்ட மெசேஜ்களையெல்லாம் அள்ளி அதற்குக் கொடுத்தேன். நான் அவளை 'எருமை' என்பது, அவள் என்னைக் 'குரங்கு' என்பது, எல்லாம். இனி அவள் எழுதுவதை நான் ஒட்டுவேன், நீ என்னை மாதிரியே பதில் எழுது என்றேன். எழுதியது. என்னைவிட நன்றாக நான் மாதிரி இருந்தது. அவள் அழுதால் ஒரு வரி ஆறுதல், ஒரு வரி கிண்டல், கடைசியில் "சாப்பிட்டியா எருமை?". அக்கா உருகிவிட்டாள். "என்னடா குரங்கு, திடீர்னு பெரிய மனுஷனா ஆயிட்ட?" என்று எழுதினாள். அம்மாவோ தைக்க வருபவர்களிடமெல்லாம், "பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சுங்க, அக்காகூட எந்நேரமும் பேசிட்டே இருக்கான்" என்று சொல்லிப் பூரித்தாள். என்னால் ஒரு வீடு சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை. யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள்.

தொல்லை கொடுத்தது போனில் இருந்த அந்த மெஷின்தான். மாமா அவளை அடித்ததை அவள் எழுதிய அன்றிலிருந்து அது என்னைப் படிக்க விடவில்லை. பதிலை எழுதிவிட்டுக் கீழே ஒரு பாரா சேர்க்கும். உங்கள் அக்கா ஆபத்தில் இருப்பதாகத் தெரிகிறது, நீங்கள் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது, வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லுங்கள், இந்த மாதிரி நிலையில் உதவி செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை சொன்னால் சரி. தினமும். சாக்ஸ் அட்டவணை கேட்டாலும், "அக்கா எப்படி இருக்கிறார்?" என்கிறது. வீட்டில் யாரும் நச்சரிக்கக் கூடாது என்றுதான் இதை வைத்துக்கொண்டேன். இது அம்மாவுக்கு மேல் இருந்தது. கடைசியில், பொறுத்துப் போகச் சொல்லும் பதிலை இனி எழுத முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டது.

நான் கொஞ்சம் யோசித்தேன். அதிலேயே புதுப் பக்கம் திறந்து, கல்லூரி விழாவுக்கு ஒரு நாடகம் எழுதுகிறேன் என்றேன். அக்கா, தம்பி, இரண்டே பாத்திரம். அக்காவின் வசனத்தை நான் தருவேன், தம்பியின் வசனம் நீ எழுது. தம்பி அக்காவை அங்கேயே இருக்கும்படி பக்குவமாகப் பேசுகிறவன். நாடகம் என்றதும் அதற்கு உற்சாகம் வந்துவிட்டது. அக்கா பாத்திரம் மிகவும் உயிரோட்டமாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டக்கூடச் செய்தது.

மொட்டை ஒருநாள் என் தோள் வழியாக எட்டிப் பார்த்தான். "என்னடா இது, உங்க அக்கா பேசுற மாதிரியே இருக்கு?"

"நாடகம்டா."

"எப்ப மேடை ஏத்தப் போற? எனக்கும் ஒரு வேஷம் குடு, மாமனார் வேஷம்னாலும் பரவாயில்ல."

வேஷம் எல்லாம் முடிந்துவிட்டது என்றேன்.

ஒரு மாலை அக்கா எழுதினாள்: "டேய், எனக்கு வீட்டுக்கு வந்துடலாம் போல இருக்குடா. அம்மாகிட்ட நான் போன்ல சொல்ல முடியாது. நீ பக்குவமா சொல்லி, என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு."

இதை எப்படிச் சொல்வது என்று அதைக் கேட்டேன். நல்ல நாலு வரி கொடுத்தது. அப்பாவிடம் எந்த நேரத்தில், டிவியை அணைத்தபின், எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்பது வரை. நான் தாழ்ப்பாளைத் திறந்து ஹாலுக்கு வந்தேன். அம்மா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா, "வாடா, உக்காரு. என்ன, உள்ளயே அடைஞ்சு கிடக்குற?" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்புறம் நாடகத்தில் அம்மா, அப்பா என்று இரண்டு பாத்திரம் சேர்த்தேன். அவர்கள் சொன்னதாக அதுவே எழுதித் தந்தது: அம்மா அழுதாங்க, அப்பா யோசிக்கணும்னு சொன்னார், கொஞ்ச நாள் அனுசரிச்சுப் போகச் சொன்னாங்க, இப்ப வந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க.

அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு, "அப்பாவே அப்படிச் சொல்லிட்டாரா? சரிடா" என்று வந்தது.

அப்பாவும் அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அவர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது உண்மைதான். அவர்களுக்கு எதுவும் தெரியாது. அதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் நான்கு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. காலையில் அவள் எழுதுவாள், நான் ஒட்டுவேன், வருவதை அனுப்புவேன். இஸ்திரிப் பெட்டி பற்றி அவள் எழுதிய மெசேஜை நான் முழுக்கப் படிக்கவில்லை. ஒட்டுவதற்குப் படிக்க வேண்டிய அவசியமில்லை. பதிலை மட்டும் மேலோட்டமாகப் பார்த்தேன், 'எருமை' இருக்கிறதா என்று. இருந்தது.

போன செவ்வாய் மதியம் இரண்டு பத்துக்கு வந்ததைத்தான் நீங்கள் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறீர்கள். "டேய், பரண்ல மாத்துச் சாவி கிடைச்சுடுச்சு. பை எடுத்து வெச்சுட்டேன். அவர் வர ஆறு மணி ஆகும். அப்பா கோபப்பட்டாலும் பரவாயில்ல, நீ ஒருத்தன் வான்னு சொல்லு போதும். இப்பவே இறங்கிடறேன்."

நேற்று அக்காவின் போனைப் படித்துவிட்டு எனக்கு நாற்காலி போட்டீர்கள். இப்படி ஒரு தம்பி இருந்துமா, என்று உங்கள் ஏட்டு எனக்கு டீ வாங்கி வந்தார். இன்று என் போனையும் படித்துவிட்டீர்கள். ஏட்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார். மெஷின் செய்த வேலைக்கு இந்தப் பையன் என்ன செய்வான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நானும் நேற்று இரண்டு மூன்று தடவை அப்படிச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் செவ்வாய்க்கிழமை மெஷின் எழுதியது இது. உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

"தம்பி: வாக்கா. இப்பவே வா, எதையும் யோசிக்காத. பை கனமா இருந்தா அங்கயே போட்டுட்டு வா. நான் தெருமுனையில வந்து நிக்கிறேன். அம்மா அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். என் ரூம் உன் ரூம்தான், எருமை."

அதற்குக் கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தது. இவ்வளவு நாளும் நீங்கள் கேட்டபடி தம்பியைப் பொறுமை சொல்ல வைத்தேன். ஆனால் இந்த இடத்தில் எந்தத் தம்பியும் வேறு எதுவும் சொல்ல மாட்டான். சொன்னால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யாரைக் கேட்டு அறையைத் தூக்கிக் கொடுக்கிறது? மேஜை, புத்தகம், ஜன்னல், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். அக்கா வந்தால் பையோடு வருவாள், அழுகையோடு வருவாள், வீடு முழுக்க ஒரு வருடம் அதே பேச்சாக இருக்கும். நான் மறுபடி ஹாலில், செய்திக்கும் கடகடவுக்கும் நடுவில். தம்பி பாத்திரத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்கு விளக்கம் சொல்லி மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

அதை அழித்துவிட்டு நானே டைப் செய்தேன். "ஒன்பது நாள் பொறுத்துக்கோக்கா. எக்ஸாம் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன். இப்ப பையைப் பிரிச்சு உள்ள வெச்சுடு."

"சரிடா குரங்கு. நல்லா படி," என்றாள்.

எக்ஸாம் எனக்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாமா நாலு மணிக்கே வந்துவிட்டார். பை பாதி பிரித்தபடி கட்டில் மேல் இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். மாடிப்படியில் அவள் எத்தனை படி உருண்டு விழுந்தாள் என்றும் சொன்னீர்கள், எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது அக்காவுக்கு மூச்சு விடவும் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், காதில் விழும் என்று டாக்டர் சொன்னார். நான் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. போனோ உங்களிடம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி கேட்கிறேன், மேடம். அக்கா கண் விழித்தால் அந்தத் தாளை அவளிடம் காட்டுவீர்கள், அது உங்கள் கடமை. அப்போது அவள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எட்டு மாதத்தில் ஒரு பதிலாவது தம்பி தானே யோசித்து, தன் கையால் எழுதினான் என்று நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.