இறக்கி வைக்காத சுரூபம்

ஓடுகிறேன். கையில் தக்காளிப் பெட்டி. அதைப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சைரன் ஏறி ஏறி இறங்குகிறது. காவலாளி அவன் பாஷையில் கத்துகிறான். எங்களோடு வேலை செய்யும் கடலூர் அண்ணன் தமிழில் கத்துகிறார்.

"நிக்காத! ஓடு! பங்கருக்கு ஓடு!"

பண்ணையின் ஓரத்தில் இருக்கிறது பங்கர். கான்கிரீட் அறை. ஜன்னல் கிடையாது. சைரன் அடித்தால் எதையும் எடுக்காமல் அதற்குள் போய்விட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஓடி வந்த என் வீட்டுக்காரர் சேவியர் சட்டென்று நின்றுவிட்டார்.

"மாதா நம்ம கொட்டாய்ல இருக்காங்கடி."

"இன்னாய்யா பேசுற? வாய்யா!"

"நம்ம முறைடி. வுட்டுட்டு வந்தா அடுத்த வூட்டுக்கு இன்னாத்த குடுக்கறது? நீ போ. பின்னாலயே வர்றேன்."

திரும்பி ஓடினார். நீலச் சட்டை. முதுகு பூராவும் வேர்வை. நான் கடைசியாகப் பார்த்தது அந்த முதுகைத்தான்.

அது எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். என் வாயால் அவர்களுக்குத் தொல்லை வேண்டாம். நாங்கள் வில்லியனூர் பக்கத்துக் கிராமம். கத்தோலிக்கர்கள். பிள்ளை இல்லை. வீட்டுக்கு ஒரு கான்கிரீட் கூரை போட்டுவிட்டுத் திரும்பலாம் என்று இரண்டு பேருமாகத்தான் போனோம். எல்லையில் சண்டை என்றார்கள். பண்ணை எல்லையிலிருந்து தூரம் என்றும் அவர்களேதான் சொன்னார்கள்.

அது அக்டோபர். எங்களுக்குச் செபமாலை மாதம். ஊரில் அந்த மாதம் மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்கள் அதைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டு வாசலுக்குப் போவார்கள். அருள் நிறைந்த மரியே செபத்தின் முதல் பாதியைக் கொண்டு வந்தவர் சொல்ல வேண்டும். மறு பாதியை அந்த வீட்டார் சொல்லிக் கையில் வாங்க வேண்டும். அதுவரை சுரூபத்தைக் கீழே வைக்கக் கூடாது. கை வலித்தாலும் கூடாது. போன இடத்திலும் இந்த வழக்கத்தை விடவில்லை நாங்கள். வில்லியனூர் மாதா கோவில் வாசல் கடையில் வாங்கிய சாண் உயரச் சுரூபம் ஒன்று, அந்தத் தகரக் கொட்டகைகளில் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று எங்கள் அறையில் இருந்தது.

பங்கருக்குள் நிற்கிறேன். கதவைச் சாத்துகிறார்கள். "எங்க வூட்டுக்காரர் வரணும்" என்று தமிழிலேயே கத்துகிறேன். யாருக்குப் புரியும்? வெளியே விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அதே செபத்தை ஆரம்பித்தேன். முதல் பாதி முடிந்தது. வெடித்தது. தரை தூக்கிப் போட்டது. காதுக்குள் உய்ய்ய் என்று ஒரே சத்தம். வெகுநேரம் அது மட்டும்தான்.

கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. என்னைக் கிட்டே விடவில்லை. கெஞ்சினேன். காலில் விழுந்தேன். கடலூர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டே அழுதார். சுரூபத்தை எடுத்தாரா, எடுக்கும் முன்பே முடிந்துவிட்டதா, தெரியாது. இன்றுவரை தெரியாது.

ஊருக்கு வந்தது ஒரு பெட்டி. ஆணி அடித்து, திறக்கக் கூடாது என்று ஒட்டியிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூடிய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டார்கள். நானும் போட்டேன். "நம்பிக்கையா இருங்கம்மா" என்றார் பங்குச் சாமியார். எதன் மேல் என்று கேட்க வாய் வரை வந்தது. நல்ல மனிதர், விட்டுவிட்டேன்.

அதன் பிறகு செபம் முதல் பாதியோடு நின்றுபோனது. மறு பாதி வராது. அந்த இடத்தில் வெடிச் சத்தம் கேட்கும். மில் சங்கு ஊதினால் இன்றும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறேன். மாதா மேல் எனக்குக் கோபம். மறைக்க மாட்டேன். உன்னைத் தூக்கத்தானே ஓடி வந்தார், உனக்குக் கண்ணில்லையா என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். சாமியிடம் சண்டை போடாத பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள்?

மறுபடியும் அக்டோபர் வந்தது. எங்கள் தெருவுக்கும் மாதா வந்தாள். என் வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா கேட்கவில்லை. சங்கராபரணி ஆற்று வெள்ளத்தில் மகனைக் கொடுத்தவள் அவள். தூறலில் சுரூபத்தை ஏந்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு வாணாங்க்கா. தூக்கினு போ."

"திருப்பித் தூக்கினு போறது முறையில்லடி."

"அப்ப கீழ வையி."

"கீழயும் வெக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா? நிக்கிறேன். நீ எப்ப வாங்குறியோ வாங்கு."

கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நின்றாள். தூறல் மழையானது. முந்தானையை எடுத்துச் சுரூபத்தின் தலையில் போட்டாள். அவள் தலை நனைந்தது. மூட்டுவலிக்காரி. சுரூபத்தைக் கை மாற்றிப் பிடித்தாள். இறக்கி வைக்கவில்லை.

அப்போதுதான் பட்டது. சேவியர் விட்டுவிட்டு வராதது இந்த முறையைத்தான். பைத்தியக்காரத்தனம் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அடுத்த வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்று நம்புகிறவனுக்குத்தான் அது வரும். கதவைத் திறந்தேன்.

ரெஜினா அக்கா முதல் பாதியைச் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவசரமே படவில்லை. மூன்றாவது தடவையோ நான்காவதோ, மறு பாதி வந்தது. குரலாக வரவில்லை, அழுகையாக வந்தது. பெற்ற பிள்ளையை மடியில் பிணமாக வாங்கிய மாதா என் கைக்கு வந்தாள். ஈரமாக இருந்தாள்.

அன்று தூங்கினேன் என்று சொன்னால் பொய். துக்கம் அப்படியேதான் இருக்கிறது. மறுநாள் மாலை சுரூபத்தை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். முதல் பாதியை நான் சொன்னேன். அவர்கள் மறு பாதியைச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

போனவை இவை. மறக்காதீர்கள். என் சேவியர். அவரோடு வேறு நாட்டுக்காரர்கள் மூன்று பேர். பெயர் எனக்குச் சரியாகச் சொல்ல வராது, மூன்று பேர் என்று சொல்லியே வேண்டிக்கொள்கிறேன். வெடிச் சத்தத்தில் செவிடாகிப்போன கடலூர் அண்ணனின் ஒரு காது. போட வேண்டிய கூரை. என் தூக்கம். அந்தச் சாண் உயரச் சுரூபமும் போய்விட்டது. ஆனால் அவருடைய முறையைப் போனவற்றில் சேர்க்க மாட்டேன். அதை நான் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.