ஃபெர்கலின் மெட்டு யாரிடமிருந்து வந்தது

அன்றிரவு நோரீன் வீட்டுச் சமையலறையில் ஐந்து பேர் இருந்தோம். அடுப்புக்கு வலப்பக்கம், மர நாற்காலியில், புல்லாங்குழலோடு ஜார்லத். எதிரே நீளப் பெஞ்சில் டெக்லனும் நானும். வாசற்கதவை ஒட்டி நோரீனின் புருஷன் மாலக்கி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு. நோரீன் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

வாசிப்பு ஓய்கிற நேரம். டெக்லன் பிடிலில் ஒரு ரீல் எடுத்தான். துரிதமான ஆட்ட மெட்டுதான். ஆனால் இரண்டாம் பாதி முடியாமல் அந்தரத்தில் நின்றது. மூன்றாம் சுற்றில் ஜார்லத் கையை நீட்டி அவன் தந்திகளைப் பொத்தினான்.

“இது யார்கிட்ட வாங்கினது?”

எங்கள் பக்கத்தில் மெட்டை யார் கட்டியது என்று கேட்பதில்லை. யாரிடம் வாங்கியது என்றுதான் கேட்போம்.

“ரேடியோகிட்ட,” என்றான் டெக்லன். “காசு கூட கேக்கல.”

“எங்க டிம்ப்னா அக்காவும் அதே ரேடியோலதான் கேட்டாங்க,” என்றான் ஜார்லத்.

டிம்ப்னா டோலன் அவன் மனைவிக்குப் பெரியம்மா மகள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1974 நவம்பர். இரவு பதினோரு மணி. சதுப்புநிலத்து ரோடு... இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர், ஒரு மரம் கிடையாது. டிம்ப்னாவின் தம்பி ஃபெர்கல், பத்தொன்பது வயது, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பிடிலைக் கோட்டுக்குள் வைத்து நடந்தான். அந்த வாரம்தான் அவன் அந்த மெட்டைக் கட்டியிருந்தான். மாட்டுக் கொட்டகையில், ஈர வைக்கோல் வாடையில், அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினான். இடது மோதிர விரலின் நுனி வைக்கோல் இயந்திரத்தில் போய்விட்டது. அதனால் ஒரு ஸ்வரத்தை மட்டும் அவனால் நேராகத் தொட முடியாது. கீழிருந்து வழுக்கி ஏறித்தான் தொடுவான்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆணியடித்த பூட்ஸ்... தரக்... தரக்... வளைவு வரைக்கும் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. தேய்ந்து போகவில்லை. நின்றது.

அவ்வளவுதான். பிணமும் இல்லை, கடிதமும் இல்லை.

அப்பா போனார், அம்மா போனாள். போன வருஷம் குடும்பக் கல்லறைக்குக் கல் செதுக்க ஏற்பாடானது. கல்தச்சர் எழுதிக் கேட்டார்: மூன்றாவது பெயருக்குப் பிறந்த வருஷம் இருக்கிறது, இறந்த வருஷம் எது? வருஷம் இல்லாமல் செதுக்க மாட்டேன், பெயரை விட்டுவிடட்டுமா?

விட அக்காவுக்கு மனம் வரவில்லை. பொய்யாக ஒரு வருஷம் போடவும் வரவில்லை.

அந்த வாரம் ரேடியோவில் மெட்டு வந்தது. வழுக்கி ஏறுகிற அந்த ஸ்வரத்தோடு. அக்கா தொட்டியில் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அந்த மெட்டு ஃபெர்கல் ஒருவனிடம்தான் இருந்தது. அது யாரிடம் இருந்தாலும் அவர்கள் அவனைப் பார்த்திருக்க வேண்டும். தேடிக்கொண்டே போனால் அவன் எதுவரை உயிரோடு இருந்தான் என்று தெரிந்துவிடும்.

வாசித்த பெண்ணுக்குப் போன் போட்டாள். டப்ளினில் பழைய மெட்டுகளைச் சேர்த்து வைக்கிற ஒரு காப்பகம், அங்கே ஒரு பழைய டேப் என்றாள் அவள். ஜார்லத்தான் காரில் கூட்டிப் போனான்.

டேப்பின் மேல் 1959 என்று இருந்தது.

“அப்ப ஃபெர்கலுக்கு நாலு வயசு,” என்றாள் அக்கா. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

லீட்ரிம் பக்கத்து விவசாயி ஒருவர் வாசிக்கிறார். பின்னால் ஒரு நாய் தட்டை நக்குகிற சத்தம். முடிந்ததும், யார்கிட்ட வாங்கினீங்க என்ற கேள்வி.

“ரோட்டோட வந்த ஒருத்தன்கிட்ட. போன மாசம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு விரல்ல நுனி இல்ல. வீட்டுக்குப் போறேன்னான்.”

காப்பகத்துப் பெண் நல்ல மாதிரி. “மெட்டு பழசா இருக்கும்மா. உங்க தம்பி எங்கயாவது கேட்டிருப்பாரு,” என்றாள். “இதவிடப் பழசும் இங்க இருக்கு. போடட்டுமா?”

“போடுங்க.”

1937ஆம் வருஷத்து இசைத்தட்டு. எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி இரைச்சல். பிடில் வாசித்தவள் ஒரு பெண். அவளிடமும் அதே கேள்வி.

“ஐம்பது தாண்டின மனுஷன். தலை நரைச்சிருந்தது. சதுப்பு ரோட்டுல டோலன் வீட்டுக்கு வழி கேட்டாரு. அங்க வீடே கிடையாதேன்னு சொன்னோம். தெரியும்னாரு.”

அந்த வீட்டை டிம்ப்னாவின் அப்பா கட்டியது 1949இல்.

அக்கா அழவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்விட்டு வந்தாள். கொண்டுபோயிருந்த ஹாம் சாண்ட்விச்சில் பாதியைத் தின்றாள், மீதியைக் காகிதத்தில் சுற்றினாள். “இன்னும் பழசு?” என்றாள்.

இங்கே டெக்லன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். “அப்ப அவன் முன்னால வராம... பின்னால...”

“எண்ணாதே,” என்றாள் நோரீன். தொப்பிக்கு அடியில் மாலக்கியும் விழித்துத்தான் இருந்தான்.

இன்னும் பழையது ஒன்று இருந்தது. ஒலி இல்லை, காகிதம்தான். 1908இல் ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டு எழுதிய இசைக்குறிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், ஒரே ஸ்வரத்துக்கு முன்னால், கீழிருந்து ஏறுகிற சிறு கொக்கி போட்டிருந்தார். அடியில் நாலு வரி:

‘ஏழை விடுதி நோயறையில், எண்பது கடந்த முதியவரிடம் கேட்டது. பெயர் ஃபெர்கல் டோலன் என்றார்; உறவென்று யாரும் இல்லை. அக்கா கதவைச் சாத்திவிட்டாளா என்று இரவெல்லாம் கேட்டார். விடியுமுன் இறந்தார்.’

ஜார்லத் நிறுத்தினான். அடுப்பில் கனன்றுகொண்டிருந்த கட்டி ஒன்று சரிந்தது... பொட்டென்று.

“அப்புறம்?” என்றாள் நோரீன்.

“அப்புறம் என்ன. கல்தச்சருக்குப் பதில் எழுதணுமே.”

மறுநாள் காலையிலேயே அக்கா எழுதிவிட்டாள். சரியாக இருக்கிறதா பார் என்று ஜார்லத்திடம் நீட்டினாள். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை.

ஃபெர்கல் டோலன். பிறப்பு 1955. இறப்பு 1908.

“அக்கா, கைத்தவறுன்னு நினைச்சு மாத்திடுவாரு.”

“கீழ படி.”

எண்களை மாற்ற வேண்டாம், இரண்டும் சரிபார்த்தவை, என்று இருந்தது.

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்தாள். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தினாள். கோட்டு மாட்டிக்கொண்டு முச்சந்திப் பச்சைத் தபால்பெட்டிக்கு நடந்தாள், ஜார்லத் பின்னால். கடிதத்தைப் பாதி உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டாள்.