எழுந்து போன தாய்மாமன்

— நீங்களே போய்க் கூப்புடுங்க. புள்ளைக்கு மொட்ட அடிச்சாச்சு, சந்தனம் பூசியாச்சு, காது குத்துற பத்தர் ஊசிய வச்சிக்கினு குந்திக்கினு இருக்காரு. மடி குடுக்க வேண்டிய தாய்மாமன் மட்டும் தெருவுல மாட்டப் பூட்டிக்கினு நிக்கிறாரு!

— உங்கண்ணனுக்கு சிரிப்புன்னா ஆவாது பாஞ்சாலி. அதான் விஷயம். நேத்து ரேடியோவுல நாடகம் முடிஞ்சதும் வூடே உருண்டு உருண்டு சிரிச்சுது. இவுரு மட்டும் துண்ட ஒதறிக்கினு எழுந்துட்டாரு.

— எழுந்துக்க மாட்டாரா? நாடகத்துல வர்ற மாமன், சீருக்குன்னு ஒரு மூட்ட மல்லாட்டைய எறக்கிட்டு, போவும்போது அந்தக் கடலையவே வறுக்கச் சொல்லி மடி நெறைய கட்டிக்கினு போறான். போன பொங்கலுக்கு எங்கண்ணன் பண்ணது அச்சு அசலா அதானே!

— கலைன்னா அப்புடித்தான். நாலு பேரப் பாத்து எழுதுறதுதான்.

— யாரு, நீங்களா எழுதுனீங்க?

— மெள்ளப் பேசு.

— நீங்க ரேடியோவுக்கு எழுதி அனுப்புனதெல்லாம் போன வேகத்துல திரும்பி வந்து அடுப்பங்கரையில கெடக்குது. நேத்து வந்தது யாரோ சங்கராபரணியான் எழுதுனது. ரேடியோவுல பேரச் சொன்னதும் "அது என் புனைபேரு"ன்னு நெஞ்சத் தட்டிக்கினீங்களே!

— விழுப்புரத்துச் சித்தப்பா, தோள்ல கெடந்த சரிகைத் துண்ட எடுத்து எனக்குப் போத்திட்டு வெத்து ஒடம்போட படுத்துக்கினாரு பாஞ்சாலி. கல்யாணத்துக்கே கைய வீசிக்கினு வந்த மனுஷன். அவுரு கிட்ட போயி...

— அப்போ புள்ள காது மூளியாவே இருக்கட்டும்? ஓமந்தூருக்குப் போயி எங்கம்மா மூஞ்சியில எப்புடி முழிப்பேன்? நல்ல நேரம் ஓடிக்கினே இருக்குது. பேஜாரு பண்ணாம, எழுதுனது நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. ஜல்தி!

— சரி, சரி, கத்தாத... மச்சான்! தேவநாதன் மச்சான்! மாட்ட அவுருங்க. அந்த மல்லாட்டைக்காரன் நீங்க இல்ல.

— நாந்தான் மாப்ள. பண்ணத இல்லன்னுட முடியுமா? அதுக்கெல்லாம் கோவப்படுறவன் இல்ல நான்.

— பின்ன எதுக்குண்ணா வண்டியப் பூட்டுன?

— நாடகத்துல ஒரு மாப்பிள்ளையும் வர்றானே தங்கச்சி, எவனோ வெட்டுன கெணத்த தான் வெட்டுனதுன்னு சொல்லி மாலைய வாங்கிக்குறவன். அவன் யாருன்னு உன் வூட்டுக்காரரக் கேளு.

— ஐயோ, எனக்கெப்புடித் தெரியும் மச்சான்? அந்த நாடகத்த நான் எழுதவே இல்ல! சத்தியமா இல்ல! போதுமா?

— போதும் மாப்ள, உங்க வாயால வரணும்னுதான் நின்னேன். புள்ளையத் தூக்கிக்கினு வாம்மா... ராவெல்லாம் கேப்பைக்குத் தண்ணி பாய்ச்சிக்கினே அந்த நாடகத்த எழுதுனவன் நானு.