பெரியண்ணன் இல்லாத முதல் வெட்டு நாள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா வெள்ளைச்சாமி அவர்களே, மேடையில் இருக்கும் சங்கத் தோழர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து பின்னால் நிற்கிறவர்களே, கம்மாபுரம் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கிற என் சக எண்ணெய்ப்பனை விவசாயிகளே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியண்ணனின் மனைவி மாணிக்கம்மாள் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் அய்யாசாமி. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஊரில் ஓர் ஏக்கர் எண்ணெய்ப்பனை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பேச என் மகள் மணிமொழி எழுதித் தந்தாள். முதல் வரியிலேயே 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று இருந்தது. "இது யாருக்கு வேணா பொருந்தும் பாப்பா. நம்ம அண்ணனுக்குன்னு என்னா இருக்கு?" என்றேன். "அப்ப நீங்களே எழுதுங்க. தப்ப மட்டும் நான் திருத்தறேன்" என்றாள். ஆகவே பேச்சு என்னுடையது. பிழை இல்லாமல் இருந்தால் அது அவள் வேலை.

யார் இந்தப் பெரியண்ணன்? அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இவர் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி, ரிட்டயர்டு ஆகி, வந்த பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினார். அதில் நெல் வைக்கவில்லை, கரும்பு வைக்கவில்லை. பாமாயில் மரம் வைத்தார். அவரைப் பார்த்து நாங்கள் வைத்தோம். நான் வைத்ததற்குக் காரணம், மரத்துக்குத் தினமும் வேலை செய்ய வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டதுதான். யாரோ என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

தோப்பைப் பார்க்காத, சுரங்கக் குவார்ட்டர்சிலிருந்து வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இந்தப் பழக்குலையை வெட்டினால் மறுநாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெட்டுவிடும், விலையைக் குறைத்துவிடுவார்கள். ஓர் ஏக்கர்க்காரன் வெட்டுகிற பழத்துக்காக லாரி வருமா? வராது. அதனால் எல்லாரும் ஒரே நாளில் வெட்டியாக வேண்டும். சின்ன விவசாயிகள் இத்தனை பேரை ஒரே நாளில் கத்தியோடு தோப்பில் நிற்க வைத்தாரே, அதுதான் எங்கள் குழுத் தலைவர் பெரியண்ணன்.

அவர் தப்பே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அண்ணி சிரிப்பார். மரம் முதன்முதலாகப் பூத்தபோது ஆண்பூவில் சின்னச் சின்ன வண்டு மொய்த்தது. முந்திரியும் கரும்பும் பார்த்துப் பழகிய கண் எங்களுக்கு. வண்டு என்றால் மருந்துதான். அண்ணனே தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். எங்கள் குழு ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான். பிறகு வெட்டிய குலையில் பாதி சாவி, காயே பிடிக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுபோவதே அந்த வண்டுதான் என்று.

வேறு ஒருவராக இருந்தால் மருந்துக்கடைக்காரரைத் திட்டியிருப்பார். அண்ணன் கூட்டத்தில் எழுந்து, "தப்பு என்னுது. வண்ட நானே கொண்டாறேன்" என்றார். பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பில் வண்டு மொய்க்கிற ஆண்பூக்களை வெட்டி, மெல்லிய துணிப்பையில் கட்டி, பஸ்ஸில் ஏறிவிட்டார். கூடப் போனவன் நான். கண்டக்டர் வந்தார்.

"பெரியவரே, பையில என்னா?"

"ஆம்பளப் பூவுங்க."

"பூவுக்குள்ள என்னா நகருது?"

"வண்டுங்க. எங்க ஊருக்கு மாப்பிள்ள அழைச்சிக்கினு போறோம்."

"அப்ப மாப்பிள்ளைக்கும் லக்கேஜ் போடணும்."

சிரிக்காமல் லக்கேஜ் டிக்கெட் வாங்கினார் அண்ணன். அந்த வண்டுகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு எங்கள் தோப்பில் வேலை பார்க்கின்றன. என்னைவிட நன்றாகவே பார்க்கின்றன.

வெட்டிய மட்டையைக் கொளுத்த விடமாட்டார். வரிசைக்கு நடுவில் போட்டு மக்கவிடச் சொல்வார். தலைவர் வெள்ளைச்சாமி ஐயா அதை நீடித்த வளர்ச்சி என்பார். அண்ணன் அதை, "மட்டையப் போடு, மண்ணு ஈரமாக் கெடக்கும்" என்பார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே ரொம்ப நாள் ஆனது.

என் அப்பா இறந்தது ஒரு வெட்டு நாளில். சாவு விழுந்த வீட்டுக்காரன் காரியம் முடியும்வரை தோப்பில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அண்ணன் மாலையோடு வந்தார். கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்து, "வேலிக் கதவு சாவி எங்கப்பா?" என்று கேட்டார். என் சித்தப்பா துரைராஜ் எகிறினார்.

"பொணம் இன்னும் எடுக்கல. அதுக்குள்ள ஒனக்குப் பழம் கேக்குதா?"

"உடுங்க. இன்னிக்கி வெட்டலன்னா பழுத்து உதுந்துடும். காரியம் முடிஞ்சி இவன் வெளிய வர்றப்ப கையில ஒண்ணும் இருக்காது. இந்த வூட்டு ஆளுதான கத்தி எடுக்கக் கூடாது? நாங்க எடுக்கலாம்ல?"

அண்ணன் என் தோளில் கை வைத்தார். "நீ அழுவு. நாங்க வெட்டிக்கினு போறோம்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் குழுவின் வழக்கம். கல்யாணமோ, ஆஸ்பத்திரியோ, ஷிப்டோ, யார் வீட்டில் என்றாலும் மற்றவர்கள் போய் வெட்டுவார்கள்.

போன வெட்டு நாளில் லாரி வரவில்லை. பொழுது சாய்கிறவரை பழக்குவியல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார் அண்ணன். "தண்ணி குடு" என்று கேட்டு உட்கார்ந்தவர்தான். லாரி வந்தபோது அவர் இல்லை.

இனி நான் சொல்லப்போவது மனசுக்குக் கஷ்டமானது. பழத்தின் விலை இறங்கிக் கிடக்கிறது. போர்வெல் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. காய்ப்புக்கு நாலு வருஷம் காத்திருந்த மரத்தைப் பிடுங்கிவிடலாம் என்று மூன்று பேர் மெஷினுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வயிறு இருக்கிறது. ஆனால் லாரி டிரைவர் சாமிக்கண்ணு போன் பண்ணிவிட்டார்: "லோடு கொறைஞ்சா உங்க ரோட்டுக்கு வண்டி திரும்பாதுங்க." லாரி நின்றால் மீதிப் பேரின் மரம் என்ன ஆகும்? அடுப்பெரிக்கவாவது ஆகுமா அது? விலை இறங்கினால் இத்தனை நாளும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டோம். இனி எந்த வாசலில் போய் நிற்பது?

நாளைக்கு வெட்டு நாள். அண்ணனுக்கு மரியாதையாக இந்த வெட்டை விட்டுவிடலாம் என்று நேற்று குழுவில் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இன்று காலை அண்ணி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா அய்யாசாமி, நாளைக்கி வெட்டுதான?"

"இந்த வாட்டி வேணாம்னு பேசினாங்க அண்ணி. அண்ணன் மேல இருக்கற மரியாதைக்கு..."

"அவுரு லாரிக்கு நின்னுக்கினே செத்தாரு. நீங்க லாரியே வேணாங்கறீங்க. இது என்னா மரியாதப்பா?"

முந்தானையில் முடிந்திருந்த தோப்பு வேலிச் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். இதோ, இந்தச் சாவிதான்.

உறவுகளே, விலை ஏறும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மழைக்கும் நான் பொறுப்பு இல்லை. தலைவராக இருக்கிற தகுதியும் எனக்கு இல்லை. என் வீட்டிலேயே நான் தலைவர் இல்லை. ஆனால் நாளை விடியும்போது அண்ணன் தோப்பின் வேலிக் கதவைத் திறப்பேன். முதல் குலை அங்கே விழும். அங்கிருந்து வரிசையாக எல்லார் தோப்புக்கும் போவோம். மெஷினுக்குச் சொன்ன மூன்று பேரையும் கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஒரு லோடு நிறையட்டும். கத்தியோடு வாருங்கள். மரத்தை என்ன செய்வது என்பதை லாரி போன பிறகு உட்கார்ந்து பேசுவோம். அண்ணன் இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பார், வேலை முடிந்த பிறகு.

அண்ணி, நீங்க அழுவுங்க. நாங்க வெட்டிக்கினு போறோம்.