நான்கு நொடி நின்ற இதயமும் நான் சொல்லாத பெயரும்

நெற்றி நிறைய நீறும் நெஞ்சு நிறைய நேயமுமாய்த் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் மணவாளன் ஐயா அவர்களே! கைராசியை விடக் கண்டிப்பு மிகுந்த எங்கள் மருத்துவர் விஸ்வேஸ்வரன் அவர்களே! ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த பெரியோர்களே! தறிகளுக்கு ஒரு பகல் ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருக்கும் அம்மையார்குப்பத்து என் சொந்தங்களே! பந்தியில் கடைசியாக உட்கார்ந்தாலும் கூட்டத்தில் முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! இதயத்தின் துடிப்பைப் பதிவுசெய்யும் பணியில் இருக்கும் பானுப்ரியாவின் பணிவான வணக்கம்.

என்ன, கைதட்டல் இவ்வளவுதானா? மதியம் போட்ட பாயசம் அப்படி! எனக்கும் கண் சொக்குகிறது. இருந்தாலும் கேளுங்கள்.

இதோ என் கையில் இருக்கிறதே, இது என்ன? சோப்புப் பெட்டியா? சிற்றுண்டிப் பெட்டியா? இடுப்பில் கட்டி, ஐந்து ஒயர்களை மார்பில் ஒட்டிவிட்டால், இருபத்துநான்கு மணி நேரமும் இதயம் பேசுவதை இது எழுதிக்கொள்ளும். இன்று திறக்கும் இந்த மையத்திலிருந்து அந்தப் பதிவு தொலைபேசிக் கம்பி வழியே சென்னைக்குப் போகும். திருத்தணியில் துடித்ததைச் சென்னையில் ஒருவர் படிப்பார்! ஏழு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், இன்னும் எனக்குப் புல்லரிக்கிறது.

ஆனால் ஆரம்பத்தில் என்ன நடந்தது? முடிவுகள் பஸ் ஸ்டாண்ட் கடைக்கு ஃபேக்ஸில் வரும். நோயாளிக்கு முன்னே கடைக்காரர் படிப்பார். கடைக்காரருக்கு முன்னே டீ குடிக்க வந்தவர் படிப்பார். சிரிக்கிறீர்களே, உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்?

இரண்டு வருடத்துக்கு முன், இரண்டாயிரத்து ஐந்தில், ஒருவருக்கு இதைக் கட்டி அனுப்பினேன். நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர். குளிக்காமல் அடுப்பு பற்றவைக்காத குடும்பம். அப்படி நூறு வீடு இங்கே உண்டு, தேடாதீர்கள். “நனையக் கூடாது” என்று நான் சொன்னேன். குளிக்காமல் இருக்கக் கூடாது என்று அவர் வழக்கம் சொன்னது. என்ன செய்தார் தெரியுமா? விடியற்காலை ஐந்து மணிக்குக் கழற்றினார். மெஷின் சும்மா கிடந்தால் கெட்டுவிடுமோ என்று பயந்து, மனைவிக்கு மாட்டிவிட்டார்! ஒயரை மார்பில் ஒட்ட உபரியாக நான் கொடுத்திருந்த வில்லைகளையும் ஒட்டியாயிற்று. நிதானமாகக் குளித்து, பூஜை முடித்து, ஐந்தே முக்காலுக்குத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பதிவைப் படித்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். “பானு, இந்த முக்கால் மணி நேரம் வேற ஆளோட இதயம். இவருக்கு ஒண்ணுமில்ல. அந்த ஆளை உடனே கண்டுபிடி” என்றார். ஏன்? அந்த முக்கால் மணியில் இரண்டு முறை, அந்த இதயம் நான்கு நொடி நின்றிருந்தது. நான்கு நொடி எவ்வளவு என்று பார்ப்போமா? பேசாமல் இருங்கள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. இவ்வளவு நேரம் ஒரு தாயின் இதயம் துடிக்கவில்லை!

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், மனைவிக்கு மாட்டியதை ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அவர் மனைவியின் தம்பி மறித்தார். “எங்க பாவாவுக்கு இன்னா வந்துக்கீது? சொல்லும்மா. பெரிய மிலிட்டரி ரகசியமா?” ஆமாம் ஐயா, அதைவிடப் பெரிய ரகசியம் என்றேன். அந்த அம்மாவை மட்டும் தனியே அழைத்துச் சொன்னேன்.

அவர் அழவில்லை. “ஆங்... அன்னிக்கு கோலம் போட்டுகினு இருந்தேன். கண்ணு இருட்டிச்சு. புள்ளி தப்பிடுச்சு. நான் என்னவோ பனின்னு நினைச்சேன்” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “வைத்தியம் பாக்கறேன். ஆனா வெளிய சொல்லிடாதம்மா. உசுரு போனா ஒரு நாள்தான் அழுவாங்க. விஷயம் வெளிய போனா தினமும் வந்து அழுவாங்க. என்னை வேலைக்கும் கூப்பிடமாட்டாங்க.”

சொல்லவில்லை. பதிவில் பெயர் இல்லை, வெறும் எண். முடிவு, ஒட்டி மூடிய உறையில், அவர் கையில் மட்டும். சென்னையில் இதயத்துக்குத் துணையாக ஒரு சிறு கருவி வைத்தார்கள். இரண்டு வருடமாக அவர் இந்த ஊரில் உழைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. “கதையைச் சொல்லு, பேரைச் சொல்லாத” என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

யார் அது என்றா கேட்கிறீர்கள்? தெருப் பெயராவது வேண்டுமா? அண்ணே, தலைவரே கேட்டாலும் சொல்லமாட்டேன்! உள்ளே கணினிக்குப் பூட்டு உண்டு, பதிவுக்குப் பூட்டு உண்டு, அறைக்குப் பூட்டு உண்டு. என் வாய்க்குப் பூட்டு இல்லையென்றால் அத்தனை பூட்டும் எதற்கு? உடம்பு அவருடையது. துடிப்பு அவருடையது. அந்தச் செய்தியும் அவருடையதுதானே? சொல்வதென்றால் அவர் சொல்லட்டும்!

என்னம்மா? அங்கே யார் எழுந்திருப்பது? அம்மா, வேண்டாம், உட்காருங்கள்... மைக்கை அவரிடம் கொடுங்கள் தம்பி.

“நான்தாங்க அது. சீதாலட்சுமி. நெஞ்சுல மெஷின் வெச்சி ரெண்டு வருசம் ஆவுது. மதியம் எல்லாரும் ரெண்டு தரம் வாங்கிச் சாப்டீங்களே பாயசம், அது நான் கிண்டனதுதான். இனிமே கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா?”

கேட்டீர்களா? கேட்டீர்களா! இந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம், அங்கே திரும்பித் தட்டுங்கள்.

இதோடு முடித்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், நம்பி எழுந்து நின்ற அந்தத் தாய்க்கும் என் நன்றி. வருகிறேன், வணக்கம்.